சுருக்கி வைத்த சாளரம் தானே விரிவது ஏன்? ஃபார்மட் அதற்கு மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கணினியில் ஒரு நிரலை மினிமைஸ் செய்து டாஸ்க்பாரில் இறக்கிவிட்டு வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, யாரும் கூப்பிடாமலே அது எழும்பி வந்து திரையை மறைத்துக்கொள்கிறது. வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் அன்றாடம் நடக்கிற தொல்லை இது. ஆனால் இதைப் பற்றித் தமிழில் விளக்கமாக எழுதப்படுவதில்லை. விசாரித்தால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "வைரஸா இருக்கும், ஃபார்மட் போட்டுடுங்க" என்பதுதான். பெரும்பாலான நேரங்களில் அது தேவையில்லாத வேலை. ஃபார்மட் செய்த கணினியில் அதே நிரலை மறுபடி நிறுவினால் அதே தொல்லை அப்படியே திரும்பி வரும். காரணம் அந்த நிரலின் அமைப்புகளுக்குள் இருக்கும் ஒரு டிக் குறியாகவோ, அது இரண்டு முறை துவக்கப்படுவதாகவோ இருக்கும். எதனால் வருகிறது என்று கண்டுபிடித்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு உதவும் விவரங்களை வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. வேகமாகத் தட்டச்சு செய்பவர்களின் கண் திரையில் இருப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் தாளில்தான் அதிக நேரம் இருக்கும். நடுவில் வேறொரு சாளரம் எழும்பி ஃபோகஸை, அதாவது நாம் தட்டும் விசைகளைப் பெறும் உரிமையை, பறித்துக்கொண்டால், அடுத்த இரண்டு வரி அதற்குள் போய் விழும். அது அரட்டைப் பெட்டி என்றால் என்டர் தட்டியதும் யாருக்கோ போய்விடும். அடித்தது கடவுச்சொல் என்றால் நிலைமை இன்னும் மோசம். "இப்போது ரீஸ்டார்ட் செய்யலாமா?" என்று கேட்கும் பெட்டி என்றால், நாம் வேறெதற்கோ தட்டிய என்டர் அங்கே சம்மதமாகிவிடும், சேமிக்காத வேலை போகும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் ஃபோகஸ் மாறியதுமே புதிய சாளரத்தின் தலைப்பை வாசிக்கத் தொடங்கிவிடும். கேட்டுக்கொண்டிருந்த வரி பாதியில் அறுந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று போனால், ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு மொழி வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்திருந்தால், தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்துக்கொண்டிருக்கும்போது எழும்பும் சாளரம் ஆங்கிலத்தில் இருக்கலாம். அங்கே நம் எழுத்துகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். இந்தத் தேர்வு வேண்டும் என்று தெரிந்தே வைத்திருப்பவர்கள் தவிர மற்றவர்கள் எடுத்துவிடுவது நல்லது.

நடப்பது இரண்டு வேறு நிகழ்ச்சிகள் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சுருங்கியிருந்த சாளரம் விரிந்து திரையில் தெரிவது. மற்றொன்று, விசைப்பலகையின் ஃபோகஸ் அதற்குப் போவது. இரண்டும் சேர்ந்து நடக்கலாம், தனித்தனியாகவும் நடக்கலாம். விண்டோஸில் பூட்டு இருப்பது இரண்டாவதற்கு மட்டும்தான். சாளரத்தை விரிக்கும் கட்டளையை எந்த நிரலும் தன் சாளரத்தின்மீது எப்போது வேண்டுமானாலும் செலுத்தலாம், அதைத் தடுக்க இயங்குதளத்தில் பொதுவான பொத்தான் எதுவும் கிடையாது. இது புரியாமல்தான் பலர் "டு நாட் டிஸ்டர்ப்" அமைப்பை இயக்கிவிட்டு, அப்படியும் நிற்கவில்லையே என்று குழம்புகிறார்கள். அந்த அமைப்பு திரை ஓரத்தில் வரும் அறிவிப்புப் பட்டைகளை மட்டும் அடக்கும். நிரலின் சொந்தச் சாளரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் புதிர் அவிழும். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது: பின்னணியில் இருக்கும் நிரல் நினைத்தபோதெல்லாம் முன்னுக்கு வந்து ஃபோகஸை எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி முயன்றால் டாஸ்க்பாரில் அதன் பொத்தான் நிறம் மாறி மின்னும், அவ்வளவுதான். இதற்குச் சில விலக்குகள் உண்டு. நாம் கடைசியாகத் தட்டிய விசையோ கிளிக்கோ அந்த நிரலுக்குப் போயிருந்தால் அதற்கு அனுமதி உண்டு. முன்னால் இருக்கும் நிரலே அதைத் துவக்கியிருந்தாலும் உண்டு. மூன்றாவதுதான் பலர் அறியாதது. விசைப்பலகையையும் மவுஸையும் தொட்டு ஒரு குறிப்பிட்ட நேரம் கடந்துவிட்டால் பூட்டு தானே தளர்ந்துவிடும். அந்த நேரத்தின் இயல்பான அளவு 200000 மில்லிவினாடி, அதாவது 200 வினாடி, 3 நிமிடம் 20 வினாடி. பிடிஎஃப் படிக்கும்போதோ காணொளி பார்க்கும்போதோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஏதாவது ஒன்று எழும்பி வருவதற்கும், மும்முரமாகத் தட்டச்சு செய்யும்போது அதே நிரல் வெறுமனே மின்னிக்கொண்டு நிற்பதற்கும் இதுதான் காரணம்.

இந்த அளவு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. சில பழைய கருவிகளும், "கணினியை வேகமாக்குகிறேன்" என்று வரும் நிரல்களும் இதைப் பூஜ்யம் ஆக்கிவிடும். பூஜ்யம் என்றால் பூட்டே இல்லை என்று பொருள். சரிபார்க்க, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ரெஜ்எடிட் என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறக்க வேண்டும். ஹெச்கீ கரண்ட் யூசர், அதற்குள் கண்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப். வலப்பக்கம் ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட் என்று, இடைவெளியின்றிச் சேர்த்து எழுதிய பெயர் இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்து, டெசிமல் என்பதைத் தேர்ந்தால் 200000 தெரிய வேண்டும். ஹெக்ஸா என்ற பதினாறடி எண்முறையில் பார்த்தால் 30டி40 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். பூஜ்யமாக இருந்தால் 200000 என்று எழுதி, சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். மாற்றுவதற்கு முன்பு டெஸ்க்டாப் என்ற அந்தக் கிளையை வலக் கிளிக் செய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்து வைப்பது கட்டாயம். பக்கத்திலேயே ஃபோர்கிரவுண்ட் ஃபிளாஷ் கவுண்ட் என்று இன்னொன்று இருக்கும். பொத்தான் எத்தனை முறை மின்ன வேண்டும் என்பது அது, இயல்பான அளவு 7. அதைத் தொட வேண்டியதில்லை.

இதைச் சரிசெய்தும் நிற்கவில்லை என்றால் வியக்க வேண்டாம். சில நிரல்கள் பூட்டை ஏமாற்றுகின்றன. ஆல்ட் விசையை யாரோ அழுத்தியது போல ஒரு போலி உள்ளீட்டை அனுப்புவது அப்படிப்பட்ட ஒரு தந்திரம். முன்னால் இருக்கும் நிரலின் உள்ளீட்டு வரிசையோடு தன்னை ஒட்டிக்கொள்வது இன்னொன்று. எழுதியவர்கள் தெரிந்தே செய்வது இது. அந்த நிரல்களை வழிக்குக் கொண்டுவர அவற்றின் சொந்த அமைப்புகளைத்தான் நாட வேண்டும்.

ஆகவே அடுத்த வேலை, எது எப்போது எழும்புகிறது என்று குறித்து வைப்பது. ஒரு தாளில் இரண்டு நாள் நேரத்தைக் குறித்தால் போதும். சரியாக அரை மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை என்று வந்தால், குறித்த நேரத்தில் பணிகளைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைப் பார்க்க வேண்டும். கணினி தூக்கத்திலிருந்து விழித்ததும் வந்தால் மானிட்டர் இணைப்பையோ நெட்வொர்க்கையோ சந்தேகிக்கலாம். இணையம் அறுந்து திரும்பும்போது வந்தால் அரட்டை நிரல், விபிஎன். பிரிண்ட் கொடுக்கும்போது மட்டும் வந்தால் பிரிண்டரின் நிலைகாட்டி. கணினியைத் துவக்கியதும் வந்தால் ஸ்டார்ட்அப் பட்டியல். இந்த நேரக் கணக்கைவிட நல்ல துப்பறியும் கருவி எதையும் நான் அறியேன்.

நிரலின் அமைப்புக்குள்ளேயே காரணம் இருப்பதற்கு விஎல்சி பிளேயர் நல்ல எடுத்துக்காட்டு. பாட்டுக் காணொளிகளை வரிசையாகப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் பலர். ஒரு காணொளி முடிந்து அடுத்தது தொடங்கும்போது விஎல்சி முன்னுக்கு வரப் பார்க்கும். அது பிழை இல்லை, வேண்டுமென்றே வைக்கப்பட்ட வசதி. டூல்ஸ் பட்டியில் பிரிஃபரன்ஸஸ், அல்லது கண்ட்ரோல், பி விசைகள். இண்டர்ஃபேஸ் பக்கத்தில் "ஆட்டோ ரைசிங் தி இண்டர்ஃபேஸ்" என்ற வரி இருக்கும். அதில் இயல்பாக வீடியோ என்று இருப்பதை நெவர் என்று மாற்றிச் சேமித்து, விஎல்சியை மூடித் திறந்தால் அடங்கிவிடும். டாரண்ட் நிரலான கியூபிட்டாரண்டிலும் இதுபோல, புதிய கோப்பு சேர்க்கும் பெட்டியை முன்னுக்குக் கொண்டுவர ஒரு தேர்வு உண்டு, அதையும் எடுத்துவிடலாம்.

அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் சந்திப்பு நினைவூட்டல்கள் வேலைக்கு நடுவே மேலேறி வந்தால், ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் ரிமைண்டர்ஸ் பகுதியில் பிற சாளரங்களுக்கு மேலே காட்டும் தேர்வை மட்டும் எடுத்துவிட வேண்டும். நினைவூட்டலையே நிறுத்திவிட்டால் கூட்டத்தைத் தவறவிட நேரும்.

இனி, என் கருத்தில் மிக அதிகமாக ஏமாற்றும் காரணம்: ஒரே நிரல் இரண்டு முறை துவக்கப்படுவது. இன்றைய அரட்டை, இசை, குறிப்பு நிரல்களில் பல எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் எழுதப்பட்டவை. டிஸ்கார்டு, ஸ்லாக், விஷுவல் ஸ்டுடியோ கோட் எல்லாம் அந்த வகை. ஒரு நிரலின் ஒரே ஒரு பிரதிதான் ஓட வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு எலக்ட்ரானின் அதிகாரபூர்வ விளக்கத்திலேயே ஒரு மாதிரிக் குறிமுறை இருக்கிறது. இரண்டாவது பிரதியை யாராவது துவக்கினால், முதல் பிரதியின் சாளரம் சுருங்கியிருக்கிறதா என்று பார், சுருங்கியிருந்தால் விரி, பிறகு ஃபோகஸ் கொடு என்று அது சொல்லும். நாமே ஐகானைக் கிளிக் செய்தால் இது சரியான நடத்தை. ஆனால் இரண்டாவது பிரதியைத் துவக்கியது நாமல்ல, ஸ்டார்ட்அப் பட்டியலோ அப்டேட்டரோ என்றாலும் அந்தக் குறிமுறைக்கு வித்தியாசம் தெரியாது. எலக்ட்ரானில் எழுதப்படாத நிரல்களிலும் இதே ஏற்பாடு பரவலாக உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரியை வலக் கிளிக் செய்து ஸ்டார்ட்அப் டைப், கமாண்ட் லைன் என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் பத்தி அந்தப் பதிவு ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறதா ஃபோல்டரில் இருக்கிறதா என்று சொல்லும். ஒரே நிரல் இரண்டு வரிகளில் இருந்தால் கள்ளன் அகப்பட்டான். இரண்டில் ஒன்றை டிஸேபிள் செய்ய வேண்டும். எதை என்பதற்குக் கமாண்ட் லைன் பத்தி உதவும். சுருக்கி வைத்துத் துவக்கு, பின்னணியில் துவக்கு என்று பொருள்படும் சொல் எந்த வரியின் வாலில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, மொட்டையாக இருப்பதை நிறுத்தலாம். ஃபோல்டரில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் விண்டோஸ், ஆர் அழுத்தி, ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டினால் திறக்கும்.

ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் ரன் என்ற இடத்தில் மினிமைஸ்டு என்று வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது நிரலுக்குத் துவக்கத்தில் கொடுக்கப்படும் ஒரு வேண்டுகோள் மட்டுமே. கேட்பதும் கேட்காததும் நிரலின் விருப்பம். கேட்டாலும் முதல் தடவை சாளரம் திறப்பதோடு அதன் பயன் முடிந்துவிடும். நிரலுக்குள்ளேயே தேர்வு இருந்தால் அதுதான் உறுதியானது. ஸ்பாட்டிஃபையில் கணினி துவங்கும்போது திறப்பதற்கு நோ, மினிமைஸ்டு, யெஸ் என்ற மூன்று நிலைகள் உண்டு. டிஸ்கார்டில் விண்டோஸ் செட்டிங்ஸ் பகுதியில் ஸ்டார்ட் மினிமைஸ்டு இருக்கிறது.

கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகு, முன்பு திறந்தபடி விட்ட சாளரங்கள் எல்லாம் தாமே திறந்து நிற்பது வேறு கதை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், மறுபடி துவக்கக்கூடிய நிரல்களைச் சேமித்து வைத்து உள்ளே வந்ததும் திறக்கும் தேர்வு இருக்கிறது. அதை ஆஃப் செய்ய வேண்டும். ஃபோல்டர்கள் மட்டும் திறந்தால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்தில் "ரீஸ்டோர் ப்ரீவியஸ் ஃபோல்டர் விண்டோஸ் அட் லாகான்" என்ற டிக்கை எடுத்தால் நின்றுவிடும்.

டாஸ்க் ஷெட்யூலரில் இருப்பவை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தெரியாது. அதனால்தான் "எல்லாத்தையும் டிஸேபிள் பண்ணியாச்சு, ஆனாலும் வருது" என்ற புலம்பல். ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, இடப்பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியைக் கிளிக் செய்தால் பட்டியல் வரும். லாஸ்ட் ரன் டைம் பத்தியை, தாளில் குறித்து வைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். ஒத்துப்போகும் வரியைத் திறந்து ட்ரிக்கர்ஸ் பக்கத்தில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்றும், ஆக்ஷன்ஸ் பக்கத்தில் எந்தக் கோப்பு ஓடுகிறது என்றும் பார்க்கலாம். தேவையில்லை என்று உறுதியானால் அழிக்க வேண்டாம், டிஸேபிள் செய்து ஒரு வாரம் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் என்ற உட்கோப்புறையில் இருப்பவற்றில் கை வைக்கக் கூடாது.

அரை நொடிக்கு ஒரு கறுப்புச் சாளரம் மின்னி மறைந்து, அதோடு தட்டச்சும் தடைபட்டால், அதுவும் பெரும்பாலும் ஒரு ஷெட்யூலர் பணிதான். பணியின் ஜெனரல் பக்கத்தில் "ரன் வெதர் யூசர் இஸ் லாக்டு ஆன் ஆர் நாட்" என்பதைத் தேர்ந்தால் அது திரைக்கு வராமல் ஓடும். ஆனால் திரையில் ஏதாவது காட்டியே ஆக வேண்டிய பணிக்கு இதைப் போட்டால் அந்தப் பணியே பயனற்றுப் போகும், கவனம்.

இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்பவர்களும், லேப்டாப்பை வெளித்திரையில் இணைப்பவர்களும் தனியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் வழி இணைத்த மானிட்டரை அதன் பொத்தானில் அணைத்தால், கணினி அதைக் கேபிளைப் பிடுங்கியது போலவே எடுத்துக்கொள்வது வழக்கம். உடனே சாளரங்களை இடம் மாற்றும், மானிட்டர் திரும்பியதும் பழைய இடத்தில் விரித்து வைக்கும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் இதற்கு இரண்டு டிக் குறிகள் உள்ளன: மானிட்டர் இணைப்பை வைத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைப்பது, இணைப்பு போனால் அங்கிருந்த சாளரங்களைச் சுருக்குவது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எது தேவை என்று முடிவு செய்யலாம். கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். ஆகவே அமைப்புகளை நோண்டுவதற்கு முன்பு இரு முனையையும் ஒருமுறை அழுத்திச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

நம் கையே காரணமாக இருப்பதும் உண்டு. விண்டோஸ், டி விசைகள் எல்லாவற்றையும் சுருக்கும். தெரியாமல் இரண்டாம் முறை அழுத்தினால் எல்லாம் விரிந்துவிடும். டாஸ்க்பாரின் வலக்கோடி மூலையைக் கிளிக் செய்வதும் அப்படியே. ஒரு சாளரத்தின் தலைப்புப் பட்டையைப் பிடித்து உலுக்கினால் மற்றவை சுருங்கும், மறுபடி உலுக்கினால் விரியும். விண்டோஸ் 7, 10 இரண்டிலும் இது இயல்பாகவே இயங்கும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங் பக்கத்தில் டைட்டில் பார் விண்டோ ஷேக் என்ற பெயரில் இருக்கிறது, அங்கே இயல்பாக ஆஃப்.

பிரிண்ட் எடுக்கும்போதெல்லாம் மை அளவு காட்டும் சாளரம் எழும்பினால், அந்தப் பிரிண்டரின் பிரிண்டிங் பிரிஃபரன்ஸஸைத் திறந்து மெயின்டெனன்ஸ் பக்கத்தில் ஸ்டேட்டஸ் மானிட்டர் என்ற தேர்வைத் தேட வேண்டும். பென்டிரைவ் செருகியதும் ஏதாவது திறந்தால் ஆட்டோபிளே அமைப்பு. மின்வெட்டு வரும்போதெல்லாம் ஒரு சாளரம் வந்து நின்றால், யூஎஸ்பி வழி இணைத்த யூபிஎஸ்ஸின் கண்காணிப்பு நிரல். இந்த மூன்றாவதை மட்டும் நிறுத்தாமல் விடுவதே பாதுகாப்பு, சேமிக்க வேண்டிய நேரத்தை அது நினைவூட்டுகிறது.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இந்த விஷயத்தில் வசதி அதிகம். லினக்ஸின் திரைச்சூழல்களில் ஒன்றான கேடிஈயில் சிஸ்டம் செட்டிங்ஸ், விண்டோ மேனேஜ்மென்ட், விண்டோ பிஹேவியர், ஃபோகஸ் என்று போனால் ஃபோகஸ் ஸ்டீலிங் பிரிவென்ஷன் என்ற தேர்வு நன், லோ, மீடியம், ஹை, எக்ஸ்ட்ரீம் என ஐந்து நிலைகளில் இருக்கிறது. இயல்பு நிலை லோ. எல்லா நிரல்களுக்கும் எக்ஸ்ட்ரீம் வைத்தால் நாமே திறக்கும் சாளரங்கள்கூடப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆகவே பொதுவாக மீடியம் வைத்துவிட்டு, தொல்லை தரும் ஒரே நிரலுக்கு மட்டும் அதன் தலைப்புப் பட்டையை வலக் கிளிக் செய்து, மோர் ஆக்ஷன்ஸ் வழியாக, தனி விதி எழுதி எக்ஸ்ட்ரீம் வைப்பது நல்லது. விதி எழுதும்போது மினிமைஸ்டு என்ற பண்பை ஃபோர்ஸ் என்று வைத்துவிடாதீர்கள். அப்புறம் நாம் கிளிக் செய்தாலும் அது திறக்காது.

எக்ஸ்எஃப்சிஈ என்ற திரைச்சூழலில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்பதில் ஃபோகஸ் பக்கம். அங்கே ஃபோகஸ் பறிப்பைத் தடுக்கும் டிக்கைப் போட்டு, சாளரம் தானே எழும்ப முயன்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு டூ நத்திங் என்பதைத் தேர்ந்தால் போதும். நோம் என்ற திரைச்சூழலில் இயல்பாகவே தடுப்பு உண்டு. பின்னால் திறந்த சாளரம் "தயார்" என்று ஓர் அறிவிப்பாக மட்டும் வரும். அந்த அறிவிப்பு தொல்லை என்று நினைத்து, அதை ஒழிக்கும் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பலர் நிறுவுகிறார்கள். அத்தகைய நீட்சிகள் செய்வது, கேட்காமலே சாளரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதுதான். நோமில் இந்தத் தொல்லை புதிதாக வந்தால் முதலில் நீட்சிகளைப் பாருங்கள்.

சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய நெறிமுறையான வேலண்டில் ஓடும் லினக்ஸ் திரையில் இன்னும் அடிப்படையான பாதுகாப்பு இருக்கிறது. ஒரு நிரல் தன்னைச் சுருக்கிக்கொள்ளக் கேட்கலாம், ஆனால் தன்னை விரிக்கச் சொல்லும் கட்டளையே அதன் நெறிமுறையில் இல்லை. முன்னுக்கு வர விரும்பினால், பயனர் செய்த ஏதாவது ஒரு செயலிலிருந்து பெற்ற அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். வடிவமைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பழைய எக்ஸ்11 முறைக்கு எழுதிய நிரல்கள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைநிரல் வழியாக ஓடும்போது மட்டும் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். 2023இல் வந்த மேக்ஓஎஸ் சோனோமாவிலும், முன்னால் இருக்கும் நிரல் வழிவிட்டால் மற்றது முன்னுக்கு வரலாம் என்ற ஏற்பாட்டை ஆப்பிள் கொண்டுவந்தது. மேக்கில் துவக்கத்தில் திறப்பவற்றை ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ் பக்கத்திலும், வெளியேறும்போது கேட்கும் பெட்டியின் "ரீஓபன் விண்டோஸ்" டிக்கிலும் கட்டுப்படுத்தலாம்.

சாளரம் எழும்புவதைத் தடுப்பதாகச் சொல்லி இணையத்தில் கிடைக்கும் இலவசக் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லாச் சாளரங்களையும் கண்காணிக்கும் உரிமையை அவை கேட்கும். அந்த உரிமை உள்ள நிரல் நாம் தட்டும் விசைகளையும் பார்க்கக்கூடும். உண்மையிலேயே தீநிரலாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டிய அடையாளம் வேறு. பெயர் தெரியாத ஒன்று எழும்பி விளம்பரப் பக்கங்களைத் திறக்கும். டாஸ்க் மேனேஜரில் அதை வலக் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுத்தால், ப்ரோகிராம் ஃபைல்ஸில் இல்லாமல் டெம்ப் கோப்புறைக்குள் கொண்டுபோய் நிறுத்தும். அப்போது முழு ஸ்கேன் அவசியம்.

கடைசியாக, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பில்லிங், இருப்புக் கணக்கு நிரல்கள் எழுதித் தரும் நம்மூர் நிரலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரக்கு குறைந்துவிட்டது என்று எச்சரிக்க, டைமரில் சாளரத்தை நார்மல் நிலைக்குக் கொண்டுவந்து ஆக்டிவேட் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். பழைய விஷுவல் பேசிக்கில் எம்எஸ்ஜிபாக்ஸுடன் சிஸ்டம் மோடல் குறியைச் சேர்ப்பதும் அதே தவறு. அந்தப் பெட்டி எல்லாச் சாளரங்களுக்கும் மேலே போய் நின்றுவிடும், காசாளர் பார்கோடு ஸ்கேன் செய்யும்போது வந்தால் ஸ்கேனரின் என்டரே அதை மூடிவிடும், எச்சரிக்கையை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஃபிளாஷ் விண்டோ எக்ஸ் கட்டளையால் டாஸ்க்பார் பொத்தானை மின்ன வைக்கலாம். சாளரம் காட்டியே ஆக வேண்டுமானால், வின்ஃபார்ம்ஸில் ஷோ வித்அவுட் ஆக்டிவேஷன் பண்பை ட்ரூ என்று மேலெழுதலாம், டபிள்யூபிஎஃப்பில் ஷோ ஆக்டிவேட்டடை ஃபால்ஸ் ஆக்கலாம், நேரடி ஷோ விண்டோ அழைப்பில் 9க்குப் பதிலாக 4 கொடுக்கலாம். 9 விரித்து ஃபோகஸையும் எடுக்கும், 4 விரிக்கும், ஃபோகஸைத் தொடாது. எலக்ட்ரானில் ஷோவுக்குப் பதில் ஷோ இன்ஆக்டிவ்.

நிரலை விலைக்கு வாங்குபவர்களும் பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்யலாம். நிரலைச் சுருக்கி வைத்து, நோட்பேடைத் திறந்து, எச்சரிக்கை வரும் நேரம்வரை விடாமல் தட்டச்சு செய்துகொண்டே இருங்கள். அடுத்த எச்சரிக்கைக்கு முன்பு விசைப்பலகையையும் மவுஸையும் 4 நிமிடம் தொடாமல் இருங்கள், 200 வினாடி கடந்து பூட்டு தளர வேண்டும் என்பதற்காக. இரண்டு தடவையும் டாஸ்க்பார் மட்டும் மின்னி, நோட்பேடு முன்னாலேயே இருந்தால் அந்த நிரலை வாங்கலாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்,
மதுரை